நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி: பழைய பதிவேடும் டிஎன்ஏவும்

வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் பக்கம் பல குடும்பங்களில் இப்படி ஒரு வரி உண்டு: "தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் கரும்புத் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறிப் போனார், அப்புறம் ஒரு தகவலும் இல்லை." தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இருக்கிற ஒரு குடும்பத்தில் இதன் மறுபாதி இருக்கும்: "ஆற்காடு பக்கம்னு சொல்லுவாங்க, ஊர் பேர் யாருக்கும் தெரியாது." இந்த இரண்டு பாதிகளையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் இங்கே பேச்சு. மொரிஷியஸ், ஃபிஜி, ரீயூனியன் என்று நம்மவர்கள் போன இடங்கள் நிறைய. நான் நேட்டாலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே ஆள்வாரியாக எழுதிவைத்த பட்டியல் இன்றைக்கும் கிடைக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்றதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போயிருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். நம் தேடல் முழுக்க அந்த எண்ணைச் சுற்றித்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். விளம்பரத்தைப் பார்த்து டிஎன்ஏ கிட் வாங்கி, எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பிவிட்டு, 'தென்னிந்தியா 98 சதவீதம்' என்று முடிவு வந்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். தென்னிந்தியா என்று தெரிந்துகொள்ளவா அத்தனை காசு? இரண்டு பேர் உறவு என்று மட்டும்தான் டிஎன்ஏ சொல்லும், எந்த ஊர், யார் பெயர் என்பதைக் காகிதம்தான் சொல்லும். ஆகவே காகிதம் முதலில்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

இருப்பவர்களில் வயதானவர் யாரோ அவரிடம் போய் உட்காருங்கள். "நம்ம குடும்பக் கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்று முடித்துவிடுவார்கள். சடங்கை வைத்துக் கேளுங்கள். தாத்தாவின் கருமாதிக்கு யார் யார் மொட்டை போட்டார்கள்? அதில் பங்காளிகள் வந்துவிடுவார்கள். அத்தை கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவந்தது? பாட்டி வழி வந்துவிடும். காதுகுத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், குலதெய்வம் எது, அதன் திருவிழாவுக்கு எங்கே வரி கட்டினீர்கள்? ஊர் பெயரே மறந்துபோன நேட்டால் குடும்பங்களிலும் குலதெய்வத்தின் பெயர் தங்கியிருப்பதுண்டு. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் அவர்களிடம் சொல்லிவிட்டு. பெயரை அவர்கள் உச்சரிக்கிற மாதிரியே எழுதுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம்.

டிரங்குப் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் படம் எடுங்கள். பழைய கடிதத்தின் உறை, மணியார்டர் ரசீது, போட்டோவின் பின்பக்கம் எழுதிய கிறுக்கல், எதுவும் வீணில்லை. போனவர் திரும்பி வந்தும் இருக்கலாம் என்பதை மறக்கவேண்டாம். ஒப்பந்தம் ஐந்து வருடம், பத்து வருடம் இருந்தால் இலவசத் திரும்பு பயணம் என்பது விதி. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் செய்துகொண்ட 1927 கேப்டவுன் உடன்படிக்கைக்குப் பிறகு பணம் கொடுத்தே பலரைத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் ஊரில் பழைய ஆளுக்கு 'நேட்டால்' என்ற பட்டப்பெயர் இருந்தால் லேசாக விடாதீர்கள்.

எண்ணைப் பிடியுங்கள்

நேட்டால் பக்கத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வழி நேரானது. உங்களிடமிருந்து மேலே போய்க்கொண்டே இருங்கள்: உங்கள் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, தாத்தாவின் இறப்புப் பத்திரம். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்ததும் எழுதப்படும் இறப்பு அறிவிப்பில் அவருடைய பெற்றோர் பெயர், துணைவர் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். கொஞ்சம் சொத்து இருந்திருந்தால் எஸ்டேட் கோப்பே, அதாவது இறந்தவரின் சொத்து விவரக் கோப்பே இருக்கும். நேட்டாலின் பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே என்ன இருக்கிறது என்பதை 'நாய்ர்ஸ்' என்கிற தேசிய ஆவணத் தேடுதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். டிஜிட்டலான கோப்புகள் கணிசமாக 'ஃபேமிலிசெர்ச்' என்கிற வம்சாவளித் தேடுதளத்தில் இலவசமாகவே உண்டு. காலனியில் பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பல் எண் கிடையாது, ஆனால் பல பிறப்புப் பதிவுகளில் தாய் தகப்பனின் எண் எழுதியிருக்கும். அது கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எண் கைக்கு வந்தபின் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். அதன் தரவுத்தளம் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இருக்கிறது. ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்ட நானாக ஒன்றைக் கட்டிச் சொல்கிறேன்: எண், பெயர் முனியம்மா, தகப்பன் பெயர் சின்னப்பன், பெண், வயது 22, சாதி, ஜில்லா வட ஆற்காடு, தானா போளூர், கிராமத்தின் பெயர், உடல் அடையாளம் 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு', கப்பல், வந்த தேதி, வேலைக்கு எடுத்த முதலாளி. தானா என்று இருப்பதை ஏறத்தாழத் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ரெனால்ட்ஸ் சகோதரர்கள் என்றால் தென்கடற்கரைக் கரும்புத் தோட்டம், ஹியூலட் என்றால் வடகடற்கரை, நேட்டால் அரசு ரயில்வே என்றால் தண்டவாளம் போன இடமெல்லாம், டண்டீ பக்கம் என்றால் நிலக்கரிச் சுரங்கம். பிள்ளைகள் எங்கே பிறந்திருப்பார்கள் என்பதை இதை வைத்து ஊகிக்கலாம்.

இந்த வரியில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? வயதை நம்பாதீர்கள், பார்த்தவுடன் மதிப்பிட்டு எழுதியது, ஐந்து வருடம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகும். சாதியையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார், சொன்னவர் தனக்கு வசதியானதைச் சொன்னார். தழும்பு மட்டும் பெரும்பாலும் உண்மை, கண்ணால் பார்த்து எழுதியது. தகப்பன் பெயர், கிராமம், எண், இந்த மூன்றும்தான் உங்கள் கருவி. முனுசாமி, வீராசாமி, இராமசாமி என்று பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டிருக்கலாம். எழுத்துக்கூட்டலும் சிக்கல்தான், முனுசாமி ஆங்கிலத்தில் 'எம்-யு' என்றும் தொடங்குவார், 'எம்-டபிள் ஓ' என்றும் தொடங்குவார். ஆள் கிடைத்ததும் அவருக்கு முன்னும் பின்னும் இருக்கிற பத்துப் பதினைந்து எண்களையும் படியுங்கள். மனைவி, பிள்ளை, தம்பி, அதே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் நிற்பார்கள்.

குடும்பப் பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், படையாச்சி படையாச்சியாகவே இருந்தார். ஆனால் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான் குடும்பப் பெயரானது என்றில்லை, பலருக்குத் தகப்பனின் பெயரே நிரந்தரக் குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கலாம். இன்றைய பெயரை வைத்து இவர் நம் ஆள், இவர் இல்லை என்று முடிவு கட்டினால் சரியான ஆளையே தள்ளிவிடுவீர்கள்.

பழைய ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் வைப்பது

பட்டியலில் 'வட ஆற்காடு' என்று பார்த்துவிட்டு வேலூர் மாவட்டத்தில் மட்டும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைய வட ஆற்காட்டில் சித்தூர், சந்திரகிரி எல்லாம் அடக்கம், 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. மீதியை 1989-ல் வேலூர், திருவண்ணாமலை என்று பிரித்தார்கள். வேலூரை 2019-ல் மறுபடி உடைத்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன. தென் ஆற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு ஜில்லா என்றால் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அதற்குள். தஞ்சாவூரில் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை. சேலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்.

கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் உருக்குலைந்திருக்கும். சத்தம் போட்டுப் படியுங்கள், அதுவும் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள், அவருக்குச் சட்டென்று பிடிபடும். பழைய மாவட்ட மேனுவல்களும் கெசட்டியர்களும் இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன, அந்தக் காலத்துத் தாலுகா எல்லை எப்படி இருந்தது என்பதற்கு அவை போதும். ஒரே தாலுகாவில் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருந்தால், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். டிஎன்ஏவுக்கு உண்மையில் வேலை வருவது இந்த மாதிரி இடத்தில்தான்.

யாரைச் சோதிப்பது, எந்தச் சோதனை

முதலில் வீட்டிலேயே மூத்தவரைச் சோதியுங்கள், உங்களை அல்ல. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முன்னோரின் பங்கு பாதியாகக் குறைகிறது. கப்பலேறியவர் 1865 வாக்கில் பிறந்தவர் என்றால், இன்று எண்பது வயதில் இருக்கிற பாட்டிக்கு அவர் கொள்ளுத்தாத்தாவாக வரலாம். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனின் கொள்ளுப்பேரனும் இந்தப் பாட்டியும் மூன்றுவிட்ட உறவு. அந்த உறவில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு துண்டு டிஎன்ஏ பொதுவாகத் தட்டுப்படும், சராசரி 70 சென்டிமார்கனை ஒட்டி (பொதுவான டிஎன்ஏ எவ்வளவு நீளம் என்று சொல்லும் அலகு அது). அவர்களுடைய பிள்ளைகளை எடுத்தால் நாலுவிட்ட உறவு, அதில் பாதிப்பேருக்கு ஒன்றுமே பொருந்தாது. சொந்தமாக இருந்தும் சோதனையில் தெரியாது. பாட்டி இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

சோதனைகளில் இரண்டு வகை நமக்கு வேண்டும். ஆட்டோசோமல் என்பது தாய்வழி, தகப்பன் வழி எல்லாப் பக்கத்து உறவையும் காட்டும். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று ஒய் சோதனை, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைப் பார்ப்பது. சுருக்கமாகச் சொன்னால் பங்காளிச் சோதனை. 'ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ' மாதிரி நிறுவனங்கள் இதைத் தனியாகச் செய்கின்றன. தாய்வழிக்கென்று எம்டி டிஎன்ஏ சோதனை உண்டு, ஆனால் அதன் பொருத்தங்கள் ஆயிரக்கணக்கான வருடம் பின்னால் போய்விடுவதால் இந்த வேலைக்கு அது அவ்வளவாக உதவாது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம். 2018-ல் கலிஃபோர்னியா போலீஸ் பழைய தொடர்கொலை வழக்கு ஒன்றில் குற்றவாளியைப் பிடித்ததே, சோதனை முடிவுக் கோப்பை ஏற்றி மற்றவர்களோடு ஒப்பிடுகிற 'ஜெட்மேட்ச்' தளத்தில் கிடைத்த தூரத்து உறவுகளை வைத்துத்தான். '23அண்ட்மீ' என்கிற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் 2023-ல் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. இதற்காகச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் டிஎன்ஏவில் உங்கள் அண்ணன் தங்கையின் பங்கும் இருக்கிறது, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். உண்மைப் பெயர் போடத் தேவையில்லை, இனிஷியல் போதும்.

முறைமாமன், முறைப்பெண், சென்டிமார்கன்

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் நமக்குத் தப்பாகப் போவது இந்த இடத்தில். அவற்றில் ஒரு அட்டவணை இருக்கும்: ஒன்றுவிட்ட உறவு என்றால் சராசரி 866 சென்டிமார்கன், இரண்டுவிட்ட உறவு 229, மூன்றுவிட்ட உறவு 73 என்று. சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளாதவர்களுக்குச் சரியான கணக்கு. நம் வீடுகளில் அத்தை மகனைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சொந்த அக்கா மகளைக் கட்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது, நேட்டால் போன பின்னும் பல குடும்பங்களில் நின்றுவிடவில்லை. தாய்மாமனைக் கட்டியவருடைய பிள்ளைக்கு மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அத்தை மகனைக் கட்டியிருந்தால் பதினாறில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டால் ஒரே உறவு இரண்டு மூன்று வழியாக எண்ணப்பட்டு மொத்தம் வீங்கிப்போகும். அட்டவணை 'இரண்டுவிட்ட உறவு' என்று அடித்துச் சொல்லும், நிஜத்தில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய உறவாக இருக்கும்.

அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், மிக நீளமான ஒரே துண்டைப் பாருங்கள். ஒருவரோடு 90 சென்டிமார்கன் பொருந்துகிறது, ஆனால் அது ஏழு, எட்டு, ஒன்பது என்று பத்துப் பன்னிரண்டு பொடித்துண்டுகளின் கூட்டு என்றால், பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் பல நூறு வருடம் கட்டிக்கொண்டதன் பின்னணிச் சத்தம் அது. இன்னொருவரோடு மொத்தமே 60-தான், ஆனால் அதில் 45 ஒரே துண்டாக நிற்கிறது என்றால், நான் இவருக்குத்தான் முதலில் எழுதுவேன். 15-க்குக் கீழே இருக்கிற துண்டுகளை ஆரம்பத்தில் கண்டுகொள்ளவே வேண்டாம். உங்கள் பெற்றோரே எந்த அளவுக்குச் சொந்தம் என்று பார்க்க ஜெட்மேட்சில் ஒரு கருவி இருக்கிறது, உங்கள் டிஎன்ஏ முடிவுக் கோப்பை அங்கே ஏற்றியதும் முதலில் அந்தக் கருவியை ஓட்டிப்பாருங்கள். எண்ணிக்கை பெரிதாக வந்தால் பயப்படாதீர்கள், நம் பக்கம் அது சகஜம். ஆனால் அதற்குப் பிறகு வருகிற எல்லாப் பொருத்தத்தையும் ஒரு மாற்றுக் குறைத்தே எடைபோடுங்கள்.

இந்தக் குழப்பம் ஒய் சோதனையில் கிடையாது. பங்காளிகள் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை, கொடுத்து எடுத்திருந்தாலும் ஒய் குரோமோசோம் தகப்பன் வழியை விட்டு நகராது. போனவரின் ஆண்வழிப் பேரன் ஒருவர் நேட்டாலில், தங்கியவரின் ஆண்வழிப் பேரன் ஒருவர் ஊரில், இரண்டு பேரையும் சோதித்துப் பொருந்தாவிட்டால் பங்காளி என்ற வாதம் ஏறக்குறைய முடிந்தது. பொருந்தினால் மட்டும் முழுத்தீர்ப்பு ஆகிவிடாது, ஒரே குலத்தில் நூற்றுக்கணக்கான வருடத்துக்கு முன் பிரிந்தவர்களும் பொருந்துவார்கள். ஒய்யும் பொருந்தி, ஆட்டோசோமலில் நீளமான துண்டும் இருந்து, காகிதத்தில் ஊரும் தகப்பன் பெயரும் ஒத்துப்போனால் நான் நம்புவேன். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் 'இருக்கலாம்' என்றே எழுதிவைக்கிறேன்.

பட்டியலில் வரும் பொருத்தங்களைக் குழுக்களாகப் பிரிப்பதும் முக்கியம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொந்தக்காரரை, உதாரணத்துக்கு அப்பா வழி அத்தை மகனை, சோதிக்க வையுங்கள். உங்கள் இருவருக்கும் பொதுவாக வருகிறவர்கள் ஒரு நிறம், அம்மா வழிச் சொந்தத்தோடு பொதுவாக வருகிறவர்கள் வேறு நிறம். இரண்டு நிறத்திலும் விழுகிறவர்கள் நிறைய இருந்தால் உங்கள் அப்பாவும் அம்மாவும் எங்கேயோ சொந்தம் என்று அர்த்தம், அவர்களைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கூடவே, எதிர்பாராததும் வரும். கப்பலில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான் விதி, தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் தகப்பன் என்று இருப்பவர் ரத்தவழித் தகப்பனாக இல்லாமல் இருக்கலாம். அதைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டு உடைக்காதீர்கள், சம்பந்தப்பட்டவரிடம் தனியாக, அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

பொருந்தியவருக்கு எழுதும்போது

தமிழ்நாட்டில் சோதித்தவர்கள் குறைவு. உங்களுக்குப் பொருந்துகிறவர்கள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், இங்கிலாந்து, கனடாவில் இருப்பார்கள், தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. நாலே வரி போதும்: எந்தத் தளத்தில் எவ்வளவு பொருந்துகிறது, உங்கள் முன்னோரின் பெயர், எண், ஊர், அவர்களிடம் கேட்க விரும்பும் ஒரே ஒரு கேள்வி. ஐந்து பக்கம் எழுதினால் பதில் வராது. சாதியைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள், அங்கே அது பலருக்கு முகம் சுளிக்க வைக்கிற கேள்வி. குலதெய்வம் எது என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

வேறு நாடுகள் என்றால்

மொரிஷியஸ் போனவர்கள் என்றால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமே உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903 முதல் 1916 வரை, குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் போனவர்களுக்குப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகம், பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவுகளை அவர்கள் இணையத்திலேயே போட்டிருக்கிறார்கள். இலங்கை, மலாயா போனவர்கள் பெரும்பாலும் கங்காணி வழியாகப் போனதால் இப்படி ஆள்வாரியான பட்டியல் அரிது. அங்கே தோட்டத்துப் பதிவு, கோயில் பதிவு, பெரியவர்களின் வாய்மொழி, இவற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஊருக்குப் போவது

கிராமம் ஒன்றிரண்டாகக் குறைந்ததும் நேரில் போக வேண்டும். பட்டா, அடங்கல், 'அ' பதிவேடு என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் தொடங்கலாம்தான், ஆனால் கப்பலேறியவர்களில் பலர் நிலமில்லாதவர்கள், அதில் பெயரே இருக்காது. நிலம் இருந்த குடும்பம் என்றால் பத்திரப் பதிவு அலுவலகத்துப் பழைய கிரயப் பத்திரம் உதவும், அதில் இன்னார் மகன் இன்னார் என்று இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக்கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை முதலில் பாருங்கள், அரசாங்கப் பதிவைவிடப் பல இடங்களில் அது பழையது. மற்றவர்களுக்கு நான் சொல்வது குலதெய்வக் கோயில். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு பூசாரி வீட்டிலோ தர்மகர்த்தா வீட்டிலோ கிடக்கும், அதில் ஒரே வகையறாவைச் சேர்ந்தவர்கள் வரிசையாக இருப்பார்கள். போனவரின் தகப்பன் பெயர் பேரனுக்கு வைக்கப்பட்டு அந்த நோட்டில் இருந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.

கதவைத் தட்டும்போது வெளிநாட்டுச் சொந்தக்காரரைத் திடீரென்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நூறு வருடம் கழித்து ஒருவர் வந்து "நானும் உங்க பங்காளி" என்றால் எதிரில் இருப்பவருக்கு முதலில் தோன்றுவது பாகம் கேட்க வந்திருக்கிறார் என்பதுதான், அது நியாயமான பயம். முதல் தடவை உள்ளூர் ஆள் ஒருவரோடு போய் "சொத்து விவகாரம் ஒண்ணும் இல்லைங்க, பெரியவங்க பேரைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கப்பல் பட்டியலின் அந்த வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். டிஎன்ஏ கிட்டை அன்றைக்கே எடுத்து நீட்ட வேண்டாம். அவர்களே போன் செய்து "அந்தப் பேர்ல எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம்" என்று சொன்ன பிறகு, சோதனைக் காசு உங்களுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.